சுற்றமும் நட்பும் சூழ வந்தது

சேவுகமூர்த்தியின் மைக் ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பி, ஐயனார் கோயில் திருவிழாவுக்கு ஊரையே அழைத்துக்கொண்டு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கல்குவாரியில் பாறை உருண்டு கால் முறிந்து வாசல் கட்டிலில் கிடந்த பொன்னரசின் எலும்பு, "இதையே நேரில் வந்து அழைத்ததாக எண்ணி, சுற்றமும் நட்பும் சூழ வந்து சிறப்பிக்குமாறு" என்கிற வரி முடிவதற்குள் உள்ளே நகர்ந்து, கோணிக்கிடந்த முனையை நிமிர்த்தி, ஒன்றோடொன்று கூடிக்கொண்டது. நான் எதிரே என் தையல் கடை வாசலில் நின்று ஜாக்கெட் துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் என் காதிலேயே விழுந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு. பொன்னரசு எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தான், அவன் பொண்டாட்டி, "மாவுக்கட்ட அவுக்காம எங்கய்யா போற?" என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

ஏன், எப்படி என்று செவல்பாறையில் யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? எங்கள் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் கல்குவாரி, நடுவில் கிரஷர், வீட்டுக்கு ஒரு முறிந்த கை, தெருவுக்கு நாலு நொண்டிக் கால், ஜல்லிக்கட்டு முடிந்தால் இன்னும் நாலு. எலும்பு கூடுகிறது என்றால் கூடட்டும் என்று கட்டில்களை வாசலுக்குத் தூக்கிப் போட்டோம். திருவிழா முடிந்தும் அதே அழைப்போடு ஆட்டோ வருகிற நேரத்துக்குத் தகுந்தாற்போல் பள்ளிக்கூட மணியும், தண்ணீர் திறக்கிற நேரமும், டீக்கடைப் பலகாரமும் மாறின. விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். சர்க்கரைப் புண்ணோடு கிடந்தவர்கள் காலை நீட்டி ஆட்டோ பக்கம் காட்டினார்கள், புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாய்த் தோல் நடந்து வந்து நடுவில் மூடிக்கொண்டது. பக்கத்து ஊர்களிலிருந்து மினி லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, பாத்திரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்கள். சாவு அறிவிப்பை மட்டும் வேறு ஊர் மைக் ஆளிடம் கொடுத்துவிட்டோம், எதற்கு வம்பு.

சேவுகமூர்த்தி அண்ணன் பாவம், அதுவரைக்கும் யாரும் மதிக்காத மனிதர். காணாமல் போன ஆட்டையும், மின்தடையையும், நைட்டி உள்பாவாடை தள்ளுபடியையும் ஒரே குரலில் கத்திக்கொண்டு போகிறவர். இப்போது அவர் ஆட்டோவுக்கு மாலை போட்டார்கள். கிரஷர் முதலாளி வைரவன் தன் செலவில் புதுக் குழாய் ஸ்பீக்கர் நாலு மாட்டிவிட்டார். எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்று இரண்டு வார்டுக்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அழைப்பு வரியில் ஒரு சொல் குறைந்தாலும் எங்களுக்குப் பொறுக்காது. ஒருநாள் தொண்டை வறண்டு "சுற்றமும் நட்பும் சூழ" என்பதை எங்கள் தெருவில் மட்டும் விழுங்கிவிட்டார் என்று ஆட்டோவை மறித்து, "நாங்க என்ன வந்தேறிகளா? எங்களுக்கு மட்டும் மொட்டையாவா கூப்பிடுவீக?" என்று சண்டைக்குப் போனோம். மனிதர் திரும்ப வந்து முழுசாய் அழைத்துவிட்டுப் போனார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நஸ்ரின் என்று ஒரு டாக்டரம்மா வந்திருந்தது. சுடிதார் தைக்கக் கொடுக்க என் கடைக்கு வந்தபோது ஆட்டோ கடந்துபோனது. எல்லோரும் கட்டிலில் கும்பிட்டுக் கிடந்தார்கள், அந்தப் பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றது.

"அக்கா, இது எனக்குப் புதுசா இல்ல. நம்ம ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் இப்படி ஒரு மைக் ஆட்டோ ஓடுது. ஒரு புரதம். எங்கயாவது அடிபட்டா அது போய் அறிவிப்புக் குடுக்கும், தோலே வா, ரத்தக்குழாயே வா, வந்து மூடுன்னு. எலும்புலயும் அதேதான். முதல்ல பழைய எலும்ப இடிக்கிற ஆளுக வருவாங்க, பின்னாலயே கட்டுற ஆளுக வருவாங்க. நம்ம எலும்பு பூராம் அப்படித்தான் வாழ்நாள் முழுக்க இடிச்சு இடிச்சுக் கட்டுறது."

"அப்ப நல்லதுதானம்மா?"

"நல்லதுதான். ஆனா அறிவிப்புக்கு முகம் தெரியாதுக்கா. யார் காதுல விழுதுன்னு அதுக்குத் தெரியாது. உடம்புல ஒரு கெட்ட கட்டி இருக்குன்னு வைங்க. ஆரம்பத்துல இதே புரதம் அதுக்கிட்டப் போயி, போதும் வளராதன்னு சொல்லும், கட்டியும் கேக்கும். நாளாக நாளாக அது திருட்டுத்தனம் கத்துக்கிடும். அதே குரலு, எந்திரிச்சு வா, இடம் இருக்குன்னு கூப்பிடுற மாதிரி அதுக்குக் கேக்கும். கிளம்பிப் போயி எலும்புல உக்காந்துக்கிடும். எலும்புக்குள்ள அந்தப் புரதம் சேமிச்சுக் கெடக்கு. கட்டி எலும்ப இடிக்க வைக்கும், இடிக்க இடிக்க உள்ள இருக்கிறது கொட்டும், அதத் தின்னு இன்னும் வளரும், இன்னும் இடிக்கும்."

எனக்கு ஊசி கையில் நின்றது. டாக்டரம்மா நேராகச் சேவுகமூர்த்தியிடம் போய், இதையே அவருக்கும் சொல்லி, அந்தச் சுற்றமும் நட்பும் வரியை எடுத்துவிடுங்கள், முறிந்த எலும்பை மட்டும் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவரும் மறுநாள், "முறிந்த எலும்புகள் மட்டும் வரவும்" என்று அறிவித்துக்கொண்டு வந்தார். ஐயோ, அன்றைக்கு அவர் வாங்கிய ஏச்சு! அழைக்கிற முறையா இது, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி, எங்கள் எலும்பு என்ன வேலைக்காரன் எலும்பா என்று இரண்டு வார்டும் முதல்முறையாக ஒன்று சேர்ந்துகொண்டன. எலும்பும் அப்படி அழைத்தால் அரைகுறையாகத்தான் கூடியது என்பதும் உண்மை. அழைப்பென்றால் முழு மரியாதையோடு அழைக்க வேண்டும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு வந்தோம், அவரும் பழைய வரிக்கே திரும்பினார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சேவுகமூர்த்தி பொண்டாட்டி பஞ்சவர்ணம் என்னிடம் இரண்டு ஜாக்கெட்டுகளை எடுத்து வந்து, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பிரித்துவிடச் சொன்னாள். ஏன்டி என்று கேட்டேன். "வேர்க்குருக்கா" என்றாள். மார்கழி மாசத்தில் வேர்க்குரு. அளவெடுக்க டேப்பை நீட்டியபோது அவள் இரண்டு கையையும் குறுக்கே கட்டிக்கொண்டு, பழைய அளவே போதும் என்றாள்.

பிறகு அவளே என்னிடம் சொன்னது இது. பாக்குக் கொட்டை அளவில் ரொம்ப நாளாய் ஒன்று அங்கே இருந்தது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வலித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் ஊரில் கைவலி, கால்வலி, கர்ப்பப்பை வலிகூடச் சொல்லலாம், அந்த இடத்தை மட்டும் வாயால் சொல்ல முடியாது. அம்மாவிடம்கூட "இங்கன" என்று முந்தானையைக் காட்டுவோம், அவ்வளவுதான். ஆட்டோ ஊருக்குள் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து அது அசைய ஆரம்பித்தது. "சுற்றமும் நட்பும் சூழ" என்று கேட்டதும், கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற குடும்பம் மாதிரி உள்ளே ஒரு பரபரப்பு. அக்குளில் ஒன்று எழுந்தது. கழுத்தடியில் ஒன்று. அப்புறம் தோள் எலும்பில் ராவும் பகலும் குடைச்சல். அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, டிவியைச் சத்தமாய் வைத்துப் பார்த்தாள். புருஷன் குரல், ஊருக்கே கேட்கிற குரல், எந்தப் பஞ்சு தடுக்கும்?

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "என்னங்க, நீங்க கூப்பிடறது அதுக்குக் கேக்குதுங்க."

"எதுக்கு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நெஞ்சுக்கிட்ட" என்றாள்.

சேவுகமூர்த்தி பிசைந்த சோற்றை வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது, டாக்டரம்மா சொன்னது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் மனிதருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். நாளைக்கு ஊரார் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்களே, என்ன சொல்வது? என் பொண்டாட்டிக்கு அங்கே கட்டி என்று டீக்கடையில் எந்த வாயால் சொல்வது? பாடி தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று கத்துகிற வாய் அது! சொந்தப் பொண்டாட்டி என்றதும் அந்த வாய் பூட்டிக்கொண்டது.

அதனால் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னார். ஊர் விடுமா? பனங்கற்கண்டு வந்தது, சுக்கு வந்தது, மிளகு தட்டிப்போட்ட பால் செம்பு செம்பாக வந்தது, வைரவன் மதுரையிலிருந்து ஒரு தொண்டை ஸ்பெஷலிஸ்டையே காரில் கூட்டிவந்தார். அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். பஞ்சவர்ணம் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவர் பொய் சொன்னது நிம்மதியாகத்தான் இருந்ததாம், அதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அந்த வாரமே குவாரியில் செங்குத்தாக வெட்டி நின்ற பாறை முகம் ஒன்று மொத்தமாகச் சரிந்தது. அடிபட்டவர்களில் பொன்னரசும் ஒருத்தன். தகரக் கதவுகளில் வைத்து ஆட்களைத் தூக்கிவந்து சேவுகமூர்த்தி வாசலிலேயே இறக்கினார்கள். ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தனுக்கு விலா, பொன்னரசுக்கு இரண்டு தொடையும். பெண்கள் மண்ணில் விழுந்து கதறினார்கள். யார்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? காரணம் சொல்லலாம், சொன்னால் ஊர் இவர்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கும், அவ்வளவு கல்நெஞ்சு இல்லை எங்களுக்கு. அவர் காரணம் சொல்லவில்லை. உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அப்புறம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மைக்கைக் கையில் எடுத்து, சொந்த வீட்டு வாசலில் இருந்தே, நாலு ஸ்பீக்கரிலும், இதையே நேரில் வந்து அழைத்ததாக எண்ணி என்று ஆரம்பித்து, முழு மரியாதையோடு, ஒரு சொல் குறையாமல் அழைத்தார்.

வாசலில் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கூடின. உள்ளே அடுப்பிலிருந்து உலைப்பானையை இறக்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் இடது மேல்கை எலும்பு, யாரும் தொடாமல், பானை கனத்துக்கே முறிந்தது.

சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் உள்ளே ஓடினோம். கஞ்சி தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். பொன்னரசுதான் முதலில் பேசினான், அப்போதுதான் இரண்டு காலும் வந்து நின்றவன். "அண்ணே, அண்ணிக்கும் ஒரு வாட்டி கூப்பிடுங்கண்ணே. இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

சேவுகமூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிடுய்யா!" என்று வைரவன் கத்தினார். "ஊரு எலும்ப எல்லாம் சேத்துட்டு, தாலி கட்டுனவளுக்கு வாயத் தொறக்க மாட்டேங்கிற, நீயெல்லாம் மனுசனா?"

பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லையாம், வேறு எங்கோ தொடர்பாம், மாலை ஏறியதும் தலைக்கனமாம். மனிதர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார். அந்தப் பேச்சைத் தாங்குவது அவருக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்வதைவிட லேசாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அவருக்காக மட்டும் இல்லை.

பஞ்சவர்ணம்தான் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவுகள ஏசாதீக. எனக்கு மாருல கட்டி. அவுக கூப்பிட்டா அது வளருது. எலும்புக்குள்ள போயிருச்சு. அதான் அவுக வாயத் தொறக்கல."

ஆம்பளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். வைரவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டார். சின்னப் பிள்ளைகளை "போங்கடா அங்கிட்டு" என்று விரட்டினார்கள், பிள்ளைகள் கேட்கக் கூடாத வார்த்தையைப் போல. பெண்கள் நாங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தது. நஸ்ரின் டாக்டரம்மாதான் வந்து கையை அசையாமல் கட்டி, மாவுக்கட்டுக்கு வண்டி வைத்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வைரவன் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரோடு வந்து, பஞ்சவர்ணத்தை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன, அங்கே சத்தம் கேட்காதே, இங்கே நீ பாட்டுக்குக் கூப்பிடலாமே என்று நல்லவிதமாகக் கேட்டார். சேவுகமூர்த்தி அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் கதையாக நன்றாக இருந்திருக்கும். அவர் தள்ளவில்லை. அதே யோசனை தனக்கும் வந்திருந்தது என்று அவருக்குத் தெரியும். "மைக் செட்ட வித்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். உண்மையாகவே விற்றுவிட்டார். கட்டில்கள் வாசலிலிருந்து உள்ளே போயின. எலும்பு முறிந்தவர்கள் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் கிடந்தார்கள், அவர் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெறுப்பினால் இல்லை. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

நஸ்ரின் டாக்டரம்மா மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தது. எலும்புக்குப் போனதை முழுசாக விரட்ட முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், அந்தக் குரலைக் காதில் விழாமல் தடுக்கிற மருந்தெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வருசக்கணக்கில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று மறைக்காமல் சொன்னது. "இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு, பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

அவர்கள் கிளம்பிய காலையில் மதுரை பஸ்ஸுக்கு வழக்கத்துக்கு மேல் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டி, கையில் பை வைத்து, தள்ளித் தள்ளி நின்றார்கள். பொன்னரசு பொண்டாட்டி நின்றாள். வைரவனின் சம்சாரம், கார் தவிர பஸ் ஏறியே அறியாதவள், அவளும் நின்றாள். எங்கம்மா போறீக என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் ஏறினோம்.

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு ஒன்று முந்தின நிறுத்தம் பெரிய ஜவுளிக்கடை. பொன்னரசு பொண்டாட்டி ஜவுளிக்கடை என்றாள். வைரவன் சம்சாரம் ஜவுளிக்கடை என்றாள். முன்சீட்டில் மூன்று பேர் ஜவுளிக்கடை. நானும் ஜவுளிக்கடைதான், தையல்காரி ஜவுளிக்கடைக்குப் போனால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? "என்னம்மா இது, ஊரோட கெளம்பிட்டீக, எவன் வீட்ல கல்யாணம்?" என்று கண்டக்டர் சிரித்தான்.

சேவுகமூர்த்தி ஜன்னலோரம் பஞ்சவர்ணத்தை உட்காரவைத்து, மாவுக்கட்டுக் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் குனிந்து கேட்டான். அவர் என்னவோ முனகினார்.

"கேக்கல."

மறுபடியும் முனகினார். பஸ்ஸில் அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரியும், கண்டக்டருக்குத் தெரியவில்லை, அவன் வெளியூர்.

"என்னய்யா வாய்க்குள்ளயே பேசுற? சத்தமாச் சொல்லு!"

பஞ்சவர்ணம் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, காது மடல் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்புறம் ஸ்பீக்கர் இல்லாமலே, எங்கள் ஊரின் எல்லாத் தெருவுக்கும் பழகின அதே குரலில் சொன்னார்.

"கேன்சர் ஆஸ்பத்திரி. ரெண்டு. என் வீட்டுக்காரிக்கு மார்புல புத்துநோய்."

பஞ்சவர்ணத்தின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. உள்ளே ஒன்றும் அசையவில்லை போலிருக்கிறது, கையை எடுத்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கண்டக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

மதுரையில் ஜவுளிக்கடை வாசலில் பஸ் நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டி, "ஜவுளிக்கடை, ஜவுளிக்கடை, சீக்கிரம் எறங்குங்கம்மா" என்று கத்தினான். வைரவன் சம்சாரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். பொன்னரசு பொண்டாட்டி குனிந்தபடி இருந்தாள். நான் ஜவுளிக்கடை டிக்கெட்டை மடித்துப் பைக்குள் போட்டேன், எழுந்திருக்கவில்லை.

யாரும் இறங்கவில்லை.